பதில் சொல்லாமல் போன மதினி

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஐப்பசி மாசம், அடைமழை. வருஷம் சரியாக நினைவில்லை. ஆனால் அன்றைக்கு விடிந்தபோது வளவு எப்படி இருந்தது, வாசலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதெல்லாம் இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. எதிரும் புதிருமாக இரண்டு வீடு, நடுவில் பொதுவாக ஒரு முற்றம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். ஒரு வீட்டில் நானும் என் மகளும். அவள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார். காலண்டர் சீசன் வந்துவிட்டால் அதுவும் இல்லை, அங்கேயே பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார்.

எதிர்வீட்டில் இருந்தவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். ஒரே மகளைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் வீட்டுக்கார அண்ணன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு சைக்கிளில் போய்வருவார். மதினி வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார். நான் பள்ளிக்கூடம் போகும்போது பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டுப் போவேன். ஒரு கையால் பிள்ளையை ஆட்டிக்கொண்டே மறு கையால் கூடு ஒட்டுவார். அப்படி ஒரு பழக்கம் எங்களுக்குள்.

அதை ஒரு ஈரச் சேலை கெடுத்தது. ஆடி மாசம் ஒரு நாள், முற்றத்தில் பாய் விரித்து, ஒட்டின கூடுகளைக் காயப் போட்டிருந்தார். நான் கவனிக்காமல் மேலே கொடியில் துவைத்த சேலையைப் போட்டேன். ஆடிக் காற்று சும்மா இருக்குமா? சேலை அப்படியே பாய் மேல் விழுந்து புரண்டுவிட்டது. பசை விட்டு, லேபிள் உரிந்து, அத்தனை கூடும் பாழ். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு ஒன்றுகூட ஆகாது என்று தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

படித்தவர்களுக்குக் கண் மேலேதான் இருக்கும் போலிருக்கிறது என்றார் மதினி. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் வேறு வந்துவிட்டது. இது வளவா, உங்கள் கம்பெனியா என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல், ரோஷம் அதைவிடக் கூடுதல். மதினி மட்டும் என்ன, எனக்கு இளைத்தவரா? அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

பேச்சு நின்றால் நின்றதுதான். நான் குடத்தோடு போனால் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். அவர் எதிரே வந்தால் நான் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பேன். முற்றத்தில் அவர் பாதியை அவர் பெருக்குவார், என் பாதியை நான் பெருக்குவேன். இரண்டுக்கும் நடுவில் வேப்பஞ் சருகு ஒரு கோடு மாதிரி கிடக்கும். அதைத் தொட இரண்டு பேருக்கும் கௌரவக் குறைச்சல். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிப் போய் வகுப்பறையில் தொட்டில் கட்டிப் போட்டேன்.

இந்தச் சண்டையை மதிக்காத ஒரே ஆள் என் மகள்தான். அசந்த நேரம் பார்த்துத் தவழ்ந்து எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள். மதினி ஒரு வார்த்தை பேசாமல் தூக்கி வந்து என் வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போவார். பிள்ளையின் வாயில் கருப்பட்டி வாசனை அடிக்கும். நானும் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவேன்.

ஐப்பசி மழை பிடித்தது. தண்ணீரெல்லாம் கலங்கல். பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் பல் முளைக்கிறது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சளியும் ரத்தமுமாகப் போனது. சிவகாசிக்குக் கொண்டு போகலாம் என்றால் வழியில் ஓடை இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, பஸ் இந்தப் பக்கம் வரவில்லை. ஊரில் டாக்டரும் கிடையாது, நர்ஸும் கிடையாது. அந்த ராத்திரி எப்படிக் கழிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்து படிக்கத் தெம்பில்லை.

விடிகிற நேரத்தில் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, கூப்பிட்டால் திரும்பவில்லை. அழுகிற பிள்ளையை எப்படியாவது சமாளித்துவிடலாம். அழாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மழை கொஞ்சம் விட்டிருந்தது. ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எதிர்வீட்டு அண்ணனை எழுப்பலாம் என்று பிள்ளையோடு வாசலுக்கு வந்தேன்.

அப்போது வெளியிலிருந்து மதினி வளவுக்குள் நுழைந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சேலை முழங்கால்வரை சேறு. முந்தானைக்குள் எதையோ கையில் மூடிப் பிடித்திருந்தார். மாசக் கணக்கில் ஒரு வார்த்தை பேசாத நான், முதல்முதலாக வாயைத் திறந்தேன்.

“மதினி, பாப்பாவுக்கு ரொம்ப முடியலை மதினி.”

அவர் நின்றார். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். உதடு ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான். வாயை இறுக மூடிக்கொண்டு விறுவிறு என்று தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். செத்தவர் வீட்டுக்குக்கூடப் பகையை மறந்து போய் உட்காருகிறார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக ஒரு வார்த்தை வரவில்லையே! இவள் மடியில் வளர்ந்த பிள்ளைதானே இது? மனசுக்குள் மரியாதையெல்லாம் போய்விட்டது. இவளும் ஒரு பெண்ணைப் பெற்றவளா என்று வாய்க்குள் திட்டினேன். அந்தச் சாத்தின கதவைத் தட்டி அண்ணனைக் கூப்பிடவும் மனசு வரவில்லை.

சற்று நேரத்தில் எதிர்வீட்டில் அம்மி ஓடுகிற சத்தம். என் பிள்ளை இங்கே துவண்டு கிடக்கிறது, அங்கே விடிந்ததும் விடியாததுமாகச் சட்னி அரைபடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்க மாட்டாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நடந்தேன்.

சத்தம் நின்றது. கதவு திறந்தது. மதினி ஒரு சிரட்டையை ஏந்திக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நடுவில் கிடந்த சருகுக் கோட்டை மிதித்துக்கொண்டுதான் வந்தார். சிரட்டையில் மோர் மாதிரி ஏதோ, கொஞ்சம் பழுப்பாக. என்ன அது என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பிள்ளையின் வாயைக் கையால் காட்டினார். அப்போதும் பேசவில்லை.

“ஒரு வார்த்தை சொல்ல மனசில்லாதவுக கையால எம் பிள்ளைக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று அந்தக் கையைத் தள்ளிவிட்டேன்.

கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. மதினி பதறிப்போய் மறு கையால் சிரட்டையைப் பொத்தினார். கண்ணிலிருந்து பொலபொல என்று தண்ணீர் கொட்டுகிறது. வாய் மட்டும் திறக்கவில்லை. திரும்பியும் போகவில்லை. அப்போதுதான் சிரட்டையைப் பொத்தின கையைப் பார்த்தேன். கை முழுக்க முள் கீறின ரத்தம். நகமெல்லாம் மண்.

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே ஓடி வந்தார். மழைக் காலத்தில் கம்பெனியில் வெடிமருந்து வேலை கிடையாது என்பதால் வீட்டில்தான் இருந்தார். மதினி அவரைப் பார்த்துக் கெஞ்சுகிறதுபோல் கையை ஆட்டினார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

சிரட்டையில் இருந்தது தொட்டாச்சிணுங்கி வேர். ராத்திரி முழுக்கப் பிள்ளை முனகினது முற்றத்துக்கு அந்தப் பக்கம் மதினிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம். கண்மாய்க் கரையில் அது கொடியாகப் படர்ந்து கிடக்கும், எல்லாம் முள். வயிற்றுக் கடுப்புக்கு அதன் வேரை அரைத்து மோரில் கொடுப்பது மதினியின் பிறந்த வீட்டு வழக்கம். ஆனால் அதை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. குளித்துவிட்டு ஈரச் சேலையோடு போக வேண்டும். இரும்பு படக் கூடாது, குச்சியாலும் கையாலும்தான் தோண்ட வேண்டும். வேர் அறாமல் வர வேண்டும். செடிக்கு முன்னால் கும்பிட்டு உட்கார்ந்ததிலிருந்து, அந்த மருந்து நோயாளியின் தொண்டைக்குள் இறங்குகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வேருக்குப் பலன் போய்விடும்.

“பேசிட்டா அதைத் தூரப் போட்டுட்டு நாளைக்கு விடியத்தான் வேற வேரு எடுக்கணும் டீச்சர். நாளைக்கு வரைக்கும் பிள்ளை தாங்குமான்னு பயந்து போயி நிக்கிறா” என்றார் அண்ணன்.

இதையெல்லாம் நம்பக் கூடாது என்று வளர்ந்தவள் நான். செடியைக் கும்பிட்டு எடுத்த மருந்தைக் கொடுக்கலாமா என்று ஒரு நொடி மனசு இழுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கீறின கையைப் பார்த்தபிறகு என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது? ஆண்டவரே, இந்தக் கையையும் ஆசீர்வதியும் என்று சொல்லிக்கொண்டு, பாலாடையில் ஊற்றிப் பிள்ளையின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். மதினி பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுங்கினாள். அப்படி ஒரு துவர்ப்புப் போலிருக்கிறது, முகத்தை அஷ்டகோணலாகச் சுளித்தாள். அப்புறம் வீல் என்று அழுதாள். எத்தனையோ நேரம் கழித்து வந்த அழுகை. அதைக் கேட்டு நானும் அழுதேன்.

மதினி அங்கேயே பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். அதுவரைக்கும் அடைத்து வைத்திருந்த மூச்சை விட்டார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“இம்புட்டு நாளும் உங்களோட பேசாம இருந்தேன் டீச்சர், ஒண்ணும் தெரியலை. இப்ப வாசல்ல நின்னு மதினின்னு கூப்பிட்டீகளே, அப்பப் பேசாம உள்ள போனேன் பாருங்க, அதுல எனக்கு உசுரே போயிருச்சு.”

பிள்ளையை அவர் மடியில் போட்டேன். அது ஒன்றுதான் செய்யத் தோன்றியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலிக்கிறது, விடுங்கள் என்றார். சிரித்துவிட்டோம்.

அதன்பிறகு அன்று முழுக்க அவர் எங்கள் வீட்டைவிட்டு நகரவில்லை. சோற்றுக் கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டு, பிள்ளை வேண்டாம் என்று தலையைத் திருப்பத் திருப்ப, பேசிப் பேசியே புகட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பேச்சு! மாசக் கணக்கில் சேர்த்து வைத்த ஊர்க்கதை முழுக்க அன்றைக்குத்தான் வெளியே வந்தது. சாயங்காலம் பிள்ளைக்குப் போக்குக் குறைந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அண்ணன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார். அதற்கடுத்த நாள் பஸ் வந்ததும் பிள்ளையைச் சிவகாசிக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். விடாமல் கஞ்சித் தண்ணி கொடுத்ததுதான் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது, வேரைப் பற்றி எனக்குத் தெரியாது, பச்சைப் பிள்ளைக்கு இனி அப்படிக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள் என்று கண்டித்து அனுப்பினார். அது சரிதான். இதைப் படித்துவிட்டு யாரும் கண்மாய்க் கரைக்கு ஓட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் சொன்னதை வந்து மதினியிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். எதனால் பிழைத்தால் என்ன, பிழைத்தாளே, அது போதும் என்று சொல்லிவிட்டு, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வளவில் மேலும் சில வருஷம் இருந்தோம். ஈரச் சேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மகள் பெரியவளாகி அவள் குடும்பம் என்று ஆகிவிட்டாள். மதினி இப்போது இல்லை.

அந்த முறையிலெல்லாம் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் நான் வசவாக எடுத்துக்கொண்ட அந்த மௌனத்தை, என் பிள்ளையின் உயிராக நினைத்து ஒருத்தி கட்டிக் காத்திருக்கிறாள். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, வயசானால் போய்விடுமா என்ன? நான் கூப்பிட்டும் யாராவது பதில் சொல்லாமல் போனால் சுருக்கென்று வரத்தான் செய்கிறது. வந்த கையோடு, அவர்கள் முந்தானைக்குள் எனக்காக எதையாவது மூடிக்கொண்டு போகிறார்களோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கவும் செய்கிறேன்.