நீங்க மட்டும்

அறிவிப்புப் பலகையில் நான்கு மூலைக்கும் ஒரு குண்டூசியாக அந்தத் தாளைக் குத்தியிருந்தார்கள். நாளை முதல் காலை யோகா வகுப்பு பெரிய திரையில் நடைபெறும், நேரம் வழக்கம்போல ஆறு மணி, இதுநாள்வரை ஒத்துழைப்பு நல்கிய யோகா டீச்சருக்கு நன்றி. கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையெழுத்து, வால் நீட்டிக்கொண்டு.

டீச்சர் அதை மூன்று தடவை படித்தாள். நாம் என்ன ஒத்துழைப்பு நல்கினோம் என்பது மூன்றாவது தடவைதான் உறைத்தது.

போன மாதம் செயலாளர் போனைக் கால் வைத்த தாங்கியில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வெளியூர் போகிறவர்கள், உடம்பு முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு நாள் வகுப்பைப் படம் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். இவளும் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தாள். பண்ணியதோடு விட்டாளா, இருப்பதிலேயே நல்ல சுடிதாரைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அவர் நீட்டிய சின்ன மைக்கைத் தன் கையாலேயே துப்பட்டாவில் குத்திக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் இப்போது அவளைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, டீ போட வைத்த பாலைப் பொங்கவிட்டுவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் முட்டிக்கு மேல் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து அடுப்பை அணைத்தார். பள்ளி வேன் ஓட்டியவர். முட்டி விட்டுப்போய் வேனை இறக்கிவைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து வீட்டு வாடகையும் மகளின் கல்லூரியும் அந்தச் சங்கக் கூடத்தின் காலை ஆறு மணியில்தான் நின்றன.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் சிரித்துவிட்டார். "உன்னை வச்சே உன்னைத் துரத்திட்டாங்களா? பரவாயில்லையே, புத்திசாலிங்கதான்."

அவள் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

பதினாலு வருஷம் ஆயத்த ஆடை ஆலையில் நின்றபடியே சட்டைகளுக்குப் பொத்தான் சரிபார்த்தவள் அவள். இடுப்பு போய், நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தபோதுதான் இந்தப் பயிற்சிக்குப் போனாள். தனக்குச் சரியானதும் பிறருக்குச் சொல்லித்தரக் கற்றுக்கொண்டாள். ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவளுக்கு இருந்ததே இல்லை. சான்றிதழைக் குளிர்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். மாமியார் கண்ணை மூடும்வரை, ஊராரைக் குனிந்து நிமிரச் சொல்வதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டது மாமியார் மட்டும் இல்லை. பாய் விரித்துப் படுக்கவைப்பதற்குச் சம்பளமா என்று சங்கக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருவராவது எழுந்து கேட்பார்கள். கேட்கிறவர் காலை ஆறு மணிக்கு எழுந்தே பார்த்திருக்க மாட்டார்.

வகுப்பு நடத்துவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. யார் பேரையும் சொல்லமாட்டாள். தொடங்கிய புதிதில் ஒரு தடவை, தும்மினாலே சிறுநீர் கசிகிற ஒரு அக்காவை, "அக்கா, உங்களுக்குத்தான் அடக்க முடியாதே, நீங்க இதைச் செய்யாதீங்க" என்று இருந்த இடத்திலிருந்தே அக்கறையாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அந்த அக்கா அன்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனவள்தான், எதிரில் வந்தால்கூடத் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். அதிலிருந்து, யாருக்கு எது ஆகாதோ அவர்கள் பக்கத்தில் போவாள். தோளில் கையை வைப்பாள். "நீங்க மட்டும் வேண்டாம்" என்பாள், அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் இருபத்திரண்டு பேருடைய உடம்பும் அவளிடம் பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்கு அவள் செருப்பை மாட்டினாள். வீட்டுக்காரர் படுத்தபடியே, அங்கே போய் என்ன பண்ணப்போகிறாய் என்று கேட்டார்.

"என்னை நானே பாக்கப்போறேன். ஊரே பாக்குது, நான் பாக்கக்கூடாதா?"

கூடத்தில் பாய்கள் விரிந்திருந்தன. அவளைக் கண்டதும் பாதிப் பேர் பாயின் நுனியைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். பேங்க் அம்மா மட்டும் எழுந்துவந்து, தனக்கு எதுவுமே தெரியாது என்று அவள் கேட்காமலேயே சொன்னாள். சங்கத்தின் பொருளாளர் அவள்தான். டெய்லர் அண்ணன் முதல் வரிசையில் திரைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக மூன்றாவது வரிசையில் சுவர் ஓரம் நிற்கிறவர். கண்ணில் அழுத்தம் கூடி, பக்கவாட்டுப் பார்வை குறைந்து, ஊசியில் நூல் கோர்க்க மனைவியைக் கூப்பிடுகிறவர். தலையைக் கீழே தொங்கவிடவே கூடாது என்று கண் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை இவளிடம்தான் முதலில் காட்டினார். கண் போகிறது என்று தெரிந்தால் துணி கொடுக்க யார் வருவார்கள், வெளியே சொல்லவேண்டாம் டீச்சர் என்று கேட்டுக்கொண்டார்.

செயலாளர் ரிமோட்டை நீட்டி அமுக்கினார். சுவரில் அவள் வந்தாள், ஆளுயரத்துக்கு. அந்தச் சுடிதார் நன்றாகத்தான் இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் சுவரில் இருந்தவள். ஏழெட்டுப் பேர் அதைப் பார்த்து, வணக்கம் டீச்சர், என்றார்கள். டீச்சர் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மூச்சுப் பயிற்சி முடிந்தது. கைகளைத் தூக்கி முன்னால் குனிகிற கட்டம் வந்தது. கைகளைத் தூக்கச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்தவள் திரையை விட்டு வெளியே நடந்துபோனாள். திரையில் காலிப் பாயும் பச்சைச் சுவரும் மட்டும் நின்றன. அன்று காதோடு சொன்னது மைக் வழியாகக் கூடம் முழுக்க முழங்கியது. "நீங்க மட்டும் குனிய வேண்டாம். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்."

கையைத் தூக்கியபடி இருபத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாருக்குச் சொன்னது என்று திரையைக் கேட்க முடியுமா? கல்லுப் போல இருக்கிற நாலைந்து பேர், தங்களுக்குத்தான் என்று சந்தோஷமாக நின்றுகொண்டார்கள். செயலாளரின் மனைவி நேரே சுவரோரம் போய்ச் சாய்ந்தேவிட்டாள். மற்றவர்கள் குனிந்தார்கள். டெய்லர் அண்ணனும் குனிந்தார், தலை முட்டிக்குக் கீழே போகிற அளவுக்கு.

டீச்சர் செருப்புக் காலோடு பாய்களை மிதித்துக்கொண்டு ஓடினாள். நெஞ்சுக்குக் குறுக்கே கை கொடுத்து அவரை மெல்ல நிமிர்த்தி உட்காரவைத்தாள். முகம் சிவந்து, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கண்ணைத் திறந்து தன் கையைப் பார்க்கச் சொன்னாள். விரல் தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"அவ சொன்னாளேண்ணே, கேக்கலையா?"

"கேட்டுச்சு டீச்சர்" என்றார் அவர். "தோள்ல கை விழலையே. எனக்கில்லைன்னு நெனச்சேன்."

செயலாளர் திரையை நிறுத்தினார். அதற்குள் திரைக்குத் திரும்பிவிட்டிருந்தவள், வாயைப் பாதி திறந்தபடி சுவரில் உறைந்து நின்றாள். இதெல்லாம் ஆரம்பத்தில் வருகிற சின்னச் சின்னக் கோளாறு என்று அவர் எல்லாரையும் சமாதானப்படுத்தினார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி ஒரு யோசனை சொன்னார். ஒரு நாள் வந்து, யார் யாருக்கு என்ன நோய், யார் எதைச் செய்யக்கூடாது என்று பேரோடு சொல்லி மறுபடி பதிவு பண்ணிக் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லையாம்.

அவள் வரிசைகளைப் பார்த்தாள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மாசம், புருஷனுக்கே இன்னும் சொல்லவில்லை. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். குடல் இறங்கி இடுப்பில் பட்டை கட்டியிருப்பவர். பேங்க் அம்மாவின் கை, எலும்பு தேய்ந்த கழுத்துக்குத் தானாகப் போனது.

"அது முடியாதுங்க."

"சரி விடுங்க. வாரத்துல ஒருநாள் வந்து, தொடவேண்டியவங்களைத் தொட்டுட்டுப் போங்க. மத்ததை இது பாத்துக்கும்."

உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது அவளுக்கு. "எந்தக் கிழமைல யாருக்கு வலிக்கும்னு நீங்க முன்கூட்டியே எழுதி ஒட்டிருங்க சார், குண்டூசி குத்தி. அன்னிக்கு வந்து தொட்டுட்டுப் போறேன்."

படத்தை அழித்துவிடச் சொன்னாள். அது சங்கத்தின் சொத்து, மைக்கைக் குத்திக்கொண்டதே அவள்தானே என்றார் அவர்.

"என் முகம், என் வாய், நான் அவங்க காதுல சொன்னது. இதுல சங்கத்துக்கு எது சொத்து? அந்தப் பச்சைச் சுவரா?"

அவர் ரிமோட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கூடத்து மூலையில் எப்போதும் வைத்திருக்கும் தன் பாயை எடுக்கப் போனபோது டெய்லர் அண்ணனும் தடவித் தடவித் தன் பாயைச் சுருட்டினார். அதைப் பார்த்து இன்னும் சிலர்.

மறுநாள் காலை வண்டி நிறுத்தும் கொட்டகையில், இரண்டு கார்களுக்கு நடுவே, எண்ணெய்க் கறையை ஒதுக்கி ஒன்பது பாய்கள் விரிந்தன. ஒன்பது பேரை வைத்து வாடகை கட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர் முட்டியை நீட்டிக்கொண்டு ஒரு ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தானும் சேர்ந்து பத்து என்றார்.

கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. அங்கே பதின்மூன்று பேருக்குத் திரை ஓடியது. கொட்டகையில் இவள் வணக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் வழியாகச் சுவரில் இருந்தவள் முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாள். இவள் மூச்சை இழுக்கச் சொன்னால், அவள் அங்கிருந்து விடச் சொன்னாள். ஒன்பது பேரும் எந்த டீச்சரைக் கேட்பது என்று தெரியாமல் பாதி மூச்சில் திணறினார்கள்.

"அவ சொல்றதைக் கேக்காதீங்க" என்றாள் டீச்சர், தன் குரல் ஜன்னலைத் தாண்டிக் கூடத்துக்கே கேட்கும்படி. "அவளுக்கு உங்க யாரையும் தெரியாது."

கைகளைத் தூக்கச் சொன்னாள். கூடத்திலிருந்து, நீங்க மட்டும் குனிய வேண்டாம், என்று அவள் குரல் முழங்கி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு டெய்லர் அண்ணனிடம் நடந்துபோய்த் தோளில் கையை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.