மூன்றாந்தரம் கேட்கும்வரை

இது நடந்து மூன்று வருசமாகிறது. அப்போது ஆவணி மாதம். எங்கள் ஊர் யாழ்ப்பாணக் கடலில் இருக்கிற அனலைதீவு. ஊர்காவற்துறைப் பக்கம் இருந்து படகில்தான் வரவேண்டும். நான் ஊரை விட்டு அதிகம் வெளியே போனவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. புது ஆட்களைக் கண்டால் அடுப்படிக் குசினிக்குள் போய் நின்றுவிடுவேன், அப்படி ஒரு வெட்கம். அப்படிப்பட்ட நான் நோர்வேயில் இருக்கிற ஒரு மனிசிக்கு முன்னால் நடித்துக் காட்டவேண்டி வந்தது.

நான் கலியாணம் கட்டவில்லை. தங்கையின் மகளை நான்தான் வளர்த்தேன். பிள்ளைக்கு நாலு வயதாயிருக்கும்போதே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் தெற்கில் ஒரு கடையில் நிற்கிறார், சில மாதத்துக்கு ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு வாய்ப்பு வந்தது. வேற்று நாட்டில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருசம் இருந்து அங்கத்தைய பள்ளிக்கூடத்தில் படிக்கலாம், செலவெல்லாம் அவர்களுடையது. இங்கிலிஸ் ரீச்சர்தான் படிவம் எடுத்து நிரப்பி அனுப்பினவ. நோர்வே என்று வந்தது. எனக்கு அது எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ரீச்சர் உலகப் படத்தை வைத்துக் காட்டினபோது மேலே, தலைமாட்டில் இருந்தது.

போகிற அன்று காலையில் அவளை முன்னால் இருத்தித் தலை இழுத்துப் பின்னியபடி நான் புத்தி சொன்னேன். எங்கள் வீட்டில் எனக்குச் சொன்னதையே நான் அவளுக்குச் சொன்னேன்.

"ஆரும் தங்கட வீட்டில சாப்பிடுறியோ எண்டு கேட்டா உடன ஓம் எண்டு சொல்லிப்போடாத. வேண்டாம் எண்டு சொல்லு. திருப்பிக் கேப்பினம். அப்பவும் வேண்டாம் எண்டு சொல்லு. மூண்டாந்தரம் கேக்கேக்க, கொஞ்சமாப் போடுங்கோ எண்டு சொல்லு. மற்றவையின்ர குசினியில ஒண்டையும் நீயாத் திறக்காத. வளர்ப்புச் சரியில்லை எண்டு ஆரும் சொல்லக்கூடாது."

"ஓம் பெரியம்மா" என்றாள். அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. அதுதான் பிழையாய்ப் போனது.

முதல் இரண்டு கிழமை, பதினாலு நாளும், பின்னேரம் போன் எடுப்பாள். முகம் பார்த்துக் கதைக்கிற போன். எனக்கு அந்தக் கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்க்கவே கூச்சம். சாதாரணப் போனைப் போலக் காதோடு வைத்துவிடுவேன். "பெரியம்மா, உங்கட தோடுதான் தெரியுது" என்று சிரிப்பாள்.

அவள் சொல்வது எல்லாம் எனக்குப் புதினம். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சமாம். பஸ்ஸில் ஒருவரும் பக்கத்து ஆளோடு கதைக்க மாட்டார்களாம். சப்பாத்தை வாசலில் கழற்றுவது மட்டும் எங்களைப் போலவாம். அந்த வீட்டு அம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டுமாம். தாய் வயதில் இருக்கிறவவை எப்படிப் பேர் சொல்லுவது என்று, ஏதும் தேவை என்றால் அவவுக்கு முன்னால் போய்ச் சும்மா நிற்பாளாம், அவவாகப் பார்க்கும்வரை.

"சாப்பிட்டனியே பிள்ளை?" என்று கேட்டால், "ஓம், சாப்பிட்டனான்" என்பாள். என்ன சாப்பாடு என்றால் ஒரு நாள் பேக்கரிப் பாண், மற்ற நாளும் பாண். அங்கத்தைய வழக்கம் அப்படியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் கிழமை ரீச்சர் பள்ளிக்கூடக் குசினிக்கு வந்தா. முகம் சரியில்லை. அந்த வீட்டு அம்மா, பிள்ளையை அனுப்பின திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதியிருக்கிறா. பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் எங்கள் சாப்பாட்டைத் தொடுவதில்லை, ஒன்றும் கேட்பதில்லை, எங்களைப் பிடிக்கவில்லைப் போலக் கிடக்கிறது, மாத முடிவுக்குள் சரிவராவிட்டால் பிள்ளையின் நன்மைக்காகத் திருப்பி அனுப்புவது நல்லது என்று.

"என்னெண்டு கேட்டுப் பாருங்கோ அக்கா. எனக்குச் சொல்லுறாள் இல்லை" என்றுவிட்டுப் போனா ரீச்சர். நான் அகப்பையோடு நின்றேன். அன்று பருப்பில் உப்புப் போட மறந்துபோனேன் என்று பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

அன்று பின்னேரம் முதல்முறையாகப் போனைக் காதில் வைக்காமல் முன்னால் பிடித்துப் பார்த்தேன். பிள்ளை தலைமயிரை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். போகும்போது கை அளவுக்குப் பார்த்துப் போட்டுவிட்ட காப்பு, சறுக்கி முழங்கை வரைக்கும் போனது.

"கையைக் கீழ விடு" என்றேன். காப்பு திரும்பி மணிக்கட்டுக்கு வந்து விரலடியில் நின்றது.

"நீ அங்க என்ன சாப்பிடுறனி? உண்மையைச் சொல்லு."

அழத் தொடங்கினாள். "நீங்கள்தானே பெரியம்மா சொன்னனீங்கள்."

முதல் நாளே நடந்திருக்கிறது. அந்த அம்மா மீன் தட்டை நீட்டிக் கேட்டிருக்கிறா. பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாந்தரம் கேட்பதற்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவ சிரித்துவிட்டுத் தட்டை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டா. அவ்வளவுதான். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. பிரிட்ஜில் எல்லாம் இருக்கிறது, எடுத்துச் சாப்பிடு என்று சொன்னார்களாம். மற்றவர்கள் வீட்டுப் பிரிட்ஜை எப்படித் திறப்பது? காலையில் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே பாண் வெட்டுகிற நேரத்தில் மட்டும் இரண்டு துண்டு எடுப்பாள். அந்த நாள் முழுக்க அதுதான்.

"அப்ப பசிக்குது எண்டு சொல்லன்."

"அதை என்னெண்டு பெரியம்மா வாயால சொல்லுறது?"

நானும் இந்த வயதுவரைக்கும் ஒருவரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ரீச்சரைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவிப்போம் என்றேன். வேண்டாம் என்று கெஞ்சினாள். கடிதம் போனால் அந்த வீட்டுக்காரர் பிள்ளையைப் பட்டினி போட்டவர்கள் என்று ஆகிவிடுமாம். "அவை நல்ல சனம் பெரியம்மா. போர்வை காணுமோ, குளிருதோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கினம்."

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் சோறு போடும்போது முதலாம் வகுப்புச் சின்னன் ஒன்று சோற்றுக் கோப்பையை நீட்டி, "இன்னும்" என்றது. போட்டேன். திருப்பியும் "இன்னும்" என்றது. இந்தச் சின்னனுக்கு ஒருவரும் இன்னும் பழக்கம் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அப்படியானால் அதைத் தீர்க்க வேண்டியதும் நான்தான்.

ஆனால் எனக்கு இங்கிலிஸும் தெரியாது, நோர்வேப் பாசையும் தெரியாது. யோசித்து யோசித்து, பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவ, வாய்க்காரி.

"ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டை வந்து, நான் புட்டும் மீன்குழம்பும் தரேக்க இரண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லவேணும். நடிக்க ஏலுமோ உமக்கு?"

"உங்கட புட்டை வேண்டாமெண்டு சொல்ல நடிக்கத் தேவையில்லை அக்கா" என்றா. பிறகு விசயத்தைச் சொன்னேன். பகிடியை நிறுத்திவிட்டு, "எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று மட்டும் கேட்டா.

ஞாயிறு பின்னேரம் மூன்றரை. அங்கே மத்தியானம். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தோம். பெரியம்மா உங்களைப் பார்க்க வேணுமாம் என்று மட்டும் சொல்லி, பிள்ளை அந்த அம்மாவைக் கூட்டிவந்து இருத்தியிருந்தாள். வெள்ளைத் தலைமயிர், நீலச் சட்டை. கை காட்டினா. ஓடிவிடுவோமா என்று நினைத்தேன். பிள்ளையின் காப்பைப் பார்த்தேன்.

தங்கச்சி மேசைக்கு முன்னால் கதிரையில், வெறும் கோப்பையோடு இருந்தா. நான் புட்டுத் தட்டை நீட்டினேன். அவ வயிற்றைத் தடவி, கன்னத்தை ஊதிக் காட்டித் தலையை ஆட்டினா. நான் திரும்பி நடந்து, திரும்பி வந்து மறுபடி நீட்டினேன். கோப்பைக்கு மேல் கையை விரித்து மூடினா. மூன்றாந்தரம் நான் அந்தக் கையைத் தள்ளிவிட்டு அள்ளிப் போட்டேன். தங்கச்சி குழம்பை ஊற்றிக் குழைத்து அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டா. அது நடிப்பில்லை. இதற்காகக் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தவவாம்.

பிறகு நான் போனைக் கையில் எடுத்து, என் முகத்துக்கு நேரே பிடித்தேன். பிள்ளையை விரலால் காட்டினேன். என் வயிற்றில் கையை வைத்தேன். மூன்று விரலைக் காட்டினேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தா. பிள்ளையைப் பார்த்து ஏதோ கேட்டா. பிள்ளை தலையைக் குனிந்தபடி சின்னதாய் ஏதோ சொன்னாள். அவ வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டா.

"அவவுக்குக் கோவமோ பிள்ளை?"

"தெரியேல்லை பெரியம்மா."

உள்ளே கோப்பைச் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது பின்னால் அவவின் மனிசனும் வந்தார். அவவின் கையில் மீனும் அவித்த உருளைக்கிழங்கும் இருந்தன. பிள்ளைக்கு முன்னால் நின்று ஒரு விரலைத் தூக்கிக் கேட்டா. பழக்கதோசம், பிள்ளை வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். இரண்டு விரலைத் தூக்கினா. பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது விரலைத் தூக்க அவவுக்குப் பொறுமை இல்லை, கோப்பை நிறையப் போட்டுவிட்டா. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போட்டா. பிள்ளை சாப்பிட்டு முடியும்வரை நான் போனை வைக்கவில்லை.

அவ சொன்னதைப் பிள்ளை பிறகு எனக்குச் சொன்னாள். அந்த ஊரில் ஒரு ஆள் வேண்டாம் என்றால் திருப்பிக் கேட்கக்கூடாதாம். கேட்டால், அந்த ஆளின் சொல்லை நம்பாததுபோல் ஆகிவிடுமாம். பிள்ளைக்கு மரியாதை கொடுத்துத்தான் அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதை கொடுத்துத்தான் இவளும் பட்டினி கிடந்திருக்கிறாள்.

அடுத்த நாளே பிரிட்ஜில் ஒரு அடுக்கைக் காலியாக்கி, பிள்ளையின் பேர் எழுதி ஒட்டினார்களாம். அது உன்னுடையது, ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று. ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மா போனுக்கு முன்னால் வந்து எனக்கு மூன்று விரல் காட்டுவா. நானும் காட்டுவேன். எங்களுக்குள் வேறு பாசை இருக்கவில்லை, தேவையாகவும் இருக்கவில்லை. திருப்பி அனுப்புகிற கதையை ரீச்சரும் பிறகு எடுக்கவில்லை.

பிள்ளை ஒரு வருசத்தையும் முடித்துக்கொண்டுதான் வந்தாள். படகை விட்டு இறங்கும்போது காப்பு கையில் இல்லை. பயந்துபோய்க் கேட்டேன். "இறுகிப் போச்சுது பெரியம்மா, கழட்டி வைச்சிருக்கிறன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும், சாப்பிடுகிறியோ என்று கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, "ஓம்" என்றாள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி, "நாலு விரல் காட்டுங்கோ அக்கா, இவளுக்கு இனி மூண்டு காணாது" என்றா.

முந்தி ஒரு வீட்டுக்குப் போனால், தொண்டை காய்ந்து கிடந்தாலும் இப்பதான் தேத்தண்ணி குடித்தேன் என்று சொல்லுவேன். இப்போது கேட்டவுடன் ஓம் என்று சொல்லப் பழகிவிட்டேன், அறுபத்தெட்டு வயதில். ஆனால் என் வீட்டுக்கு வருகிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால் மட்டும், எனக்கு இன்னும் ஒருக்கால் கேட்காமல் சட்டியை மூட மனம் வருவதில்லை.