வாடிப்பட்டி லைன்

தமிழ்வாணி வீட்டில் இன்றுவரை லேண்ட்லைன் கிடையாது. ஏன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

2007, தீபாவளி நாள். கப்பலூரில், மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களைச் சேமித்துவைக்கும் ஒரு கம்பெனி. எட்டு சர்வர்கள். எது ஒழுங்காக ஓடுகிறது, எது சூடாகிறது, எதில் எவ்வளவு இடம் மிச்சம் என்று திரையைப் பார்த்துக் குறிப்பதுதான் அவள் வேலை. வாடிப்பட்டியிலும் இதேபோல் எட்டு. இங்கே உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அங்கே ஒரு நகல். அங்கே பார்த்துக்கொள்பவர் கருத்தக்கண்ணன். நெட் அடிக்கடி படுத்துவிடும் என்பதால், மணிக்கு ஒருமுறை லேண்ட்லைனில் அளவுகளைச் சொல்வார். இரண்டு வருடப் பழக்கம். நேரில் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு மற்ற எல்லோருக்கும் லீவு. தொழிற்பேட்டையே ஓய்ந்து கிடந்தது. எங்கோ தூரத்தில் வெடிச் சத்தம். காலையிலிருந்து அவளோடு பேசியது அந்த போன் மட்டும்தான்.

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. சரியாக அடித்தது.

"சாப்டியா தமிழு?"

"இனிமேத்தாண்ணே. நீங்க?"

அவர் அளவுகளை மட்டும் படித்தார். எப்போதும் அவர் குரலுக்குப் பின்னால் சர்வர்களின் ஃபேன்கள் இரையும். அன்றைக்கு இரைச்சலே இல்லை...

ஒரு மணிக்கும் கூப்பிட்டார். எட்டு சர்வரும் நல்லா ஓடுது என்றார்.

1.40. கப்பலூரில் ஐந்தாம் சர்வர் சிவப்பு காட்டியது. டிஸ்கில் கோளாறு. இப்படி ஆனால் முழுவதும் அழித்துவிட்டு, அன்றைக்கும் படுத்திருந்த நெட் வந்ததும் வாடிப்பட்டி நகலிலிருந்து நிரப்ப வேண்டும். கட்டளையைத் தட்டினாள். என்டர் அழுத்துவதுதான் பாக்கி.

போன் அடித்தது.

1.43. இன்னும் மணி ஆகவில்லையே...

"அஞ்சத் தொடாத தமிழு. இங்க அஞ்சு செத்துப்போச்சு. ஒங்கிட்ட இருக்கதுதான் ஒரே நகல்."

சட்டென்று விரலை எடுத்தாள். எத்தனை நோயாளிகளின் படங்கள்! ஒரு நொடியில் போயிருக்கும்.

"அண்ணே... நான் அழிக்கப் போறது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு அளவுகள் மட்டும். மூன்று மணிக்கு, படித்து முடித்த பிறகும் வைக்கவில்லை.

"இங்க யாருமே இல்ல தமிழு. நாலு மணிக்கும் எடுப்பேல்ல?"

"எடுக்குறேண்ணே."

3.52. செல்போன். மேனேஜர் வெங்கடேஷ்பாபு.

"நம்ம கருத்தக்கண்ணன் போயிட்டாரும்மா. காலையில ஆறரைக்கு, வேலைக்கு வார வழியில லாரி அடிச்சிருச்சு. ஆள் யாருன்னே இப்பத்தான் தெரிஞ்சுச்சாம்."

அவள் மேசைமேல் இருந்த லேண்ட்லைனைப் பார்த்தாள்.

"அப்ப... வாடிப்பட்டியில யாரு இருக்கா?"

"யாருமில்ல. பூட்டித்தான் கெடக்கு. ஒரே சாவி. அவரு சட்டைப் பையில இருந்துச்சு."

4.00.

லேண்ட்லைன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை.

அடித்தது... அடித்தது...

நின்றது.

மறுநாள் வெங்கடேஷ்பாபுவோடு வாடிப்பட்டிக்குப் போனாள். பூட்டைத் திறந்தார்கள். ஐந்தாம் சர்வர் செத்துத்தான் கிடந்தது. மேசைமேல் ஒரு ரெஜிஸ்டர். தீபாவளித் தேதியில், பத்திலிருந்து மூன்று மணிவரை எல்லா அளவுகளும் கருத்தக்கண்ணன் கையெழுத்தில் இருந்தன. கீழே இன்னும் ஒரு வரி.

"4.00. தமிழு எடுக்கல."