தண்டோடு கேட்ட சம்பங்கி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்து ஒரு காலை. கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி நான் குத்தகைக்கு எடுத்திருந்த ஐந்து குண்டா நிலத்தில், நம்மூர்க் கணக்கில் பன்னிரண்டரை சென்ட், முதல் சம்பங்கி! இருபத்து மூன்று வருடம் செம்பூரிலிருந்து ஆபீஸுக்கு லோக்கல் ரயில் பிடித்தவள் நான். வேலையை விட்டுவிட்டுப் பூ விவசாயம் பார்க்கப் போகிறேன் என்றபோது வீட்டில் சிரித்தார்கள். அன்றோ, மழை விட்ட பாத்தியில் இடுப்பளவு தண்டுகள். பச்சை, வெள்ளை, வாசனை. ஓரிடத்தில் நிற்க முடியாமல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

மாட்டுங்காவில் கல்யாண மேடை அலங்காரம் செய்யும் தாராவிக்காரர் ஒருவர், மாலை ரிசப்ஷனுக்கு ஜாடிகளில் வைக்க நூறு தண்டு கேட்டிருந்தார். "இது நல்லா அமைஞ்சிட்டுன்னா வாரா வாரம் ஒங்ககிட்டதான் எடுப்பேன்" என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கின் மேல்தான் என் விவசாயமே நின்றது.

உதவிக்கு நாத்தனார் வந்திருந்தாள். பாத்தியை அவளிடம் விட்டுவிட்டு வாளிகளில் தண்ணீர் நிரப்பப் போனேன். கத்தியைக் கொடுக்கவில்லை. தண்டோடு வெட்ட வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

திரும்பி வந்தால், அவள் மடி நிறைய உதிரிப்பூ!

"பாருங்கோ மன்னி, விரிஞ்சது ஒண்ணைக்கூட விடலை. உக்காந்து தொடுத்துடலாமா?"

ஜாடியில் வைக்கத் தண்டோடு கேட்டிருந்தார்கள் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பூ என்றால் நாரில் தொடுக்க. தொடுத்தால் தலைக்கும் சாமிக்கும். அவள் விரல்கள் அறிந்தது அதுதான். கீழ்ப்பாதி வெறும் தண்டாக, நுனியில் மட்டும் இறுகிய மொட்டுகளோடு நின்றது என் முதல் அறுவடை.

"ஜாடியிலே வெக்கறதுக்கா? அதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன மன்னி!" என்று அவள் வேறு கோபித்துக்கொண்டாள்.

வேறு பூ இல்லை. இருந்ததையே வெட்டி வாளியில் நிறுத்தி, லோக்கலின் லக்கேஜ் பெட்டியில் ஏறினேன். மாட்டுங்கா வரும்வரை மன்னிப்பு வாசகத்தை மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதினேன்.

நடந்ததைக் கேட்டு அலங்காரக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்டுப் பொம்பளையளும் இதத்தாங்க்கா செஞ்சிருப்பாவ. அடிப்பூவ நானே கொஞ்சம் கிள்ளித்தான் போடுவேன், தண்ணிக்குள்ள கெடந்து அழுகிரும்லா? மொட்டு சாயங்காலம் விரிஞ்சிரும். அடுத்த வாரம் மட்டும் முழுசாக் கொண்டாங்க."

அடுத்த வாரம்! என் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. மாலை ஆறு மணிக்கு, சேற்றுக் கறை படிந்த புடவையோடு மண்டப வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மேடையின் இருபுறமும் என் தண்டுகள். நுனி மொட்டுகள் மெல்ல வாய் திறந்துகொண்டிருந்தன. வாசனை படிக்கட்டுவரை இறங்கி வந்திருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் தொடங்கியது ரொம்பத் தாமதமோ என்று இப்போதும் சில காலைகளில் மனசு கேட்கும். அந்த நுனிப் பூக்களை நினைத்துக்கொண்டு, கத்தியை எடுத்துப் பாத்திக்குள் இறங்கிவிடுவேன்.