தவிட்டுக்கு வாங்கியவன்

எனக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. நான்காவதாக நான் பிறந்ததும், என்னைப் பெற்ற ஆத்தா எமனை ஏமாற்றத் தீர்மானித்தாள். என்னை முறத்தில் கிடத்தி, பக்கத்துத் தெருவில் எருமை வைத்துத் தயிர் விற்ற, பிள்ளையில்லாத ஒருத்தியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டாள். வளர்த்தது பெற்ற ஆத்தா. சொந்தக்காரி வாங்கிய ஆத்தா. அடுத்த வீட்டுச் சாமானை எமன் தொடமாட்டானாம். மற்ற எல்லாக் காரியத்திலும் கெட்டிக்காரனான எமன், இதில் மட்டும் எங்கள் தெருக்காரர்களிடம் ஏமாந்துவிடுவான் என்பது ஊர் நம்பிக்கை. நான் பிழைத்துக்கொண்டதால் அதை மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வது வழக்கம். அதுவரை வாங்கியவர்கள் பேருக்குத்தான் சொந்தக்காரர்கள். என்னை வாங்கியவள் அப்படியில்லை.

"இந்தா வருது பாருங்க எஞ் சொத்து" என்பாள் நடுத்தெருவில். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும், தினமும் அவளுடைய எருமைகளுக்குத் தண்ணீர் காட்டுவது என் பொறுப்பாயிற்று. கூலி கேட்கவில்லை. மண்வெட்டி கூலி கேட்குமா?

யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. கீரமங்கலத்தில் இருந்த தன் அண்ணன் மகளை எனக்குக் கட்டுவதென்று வாங்கிய ஆத்தா முடிவுசெய்து, வெற்றிலை பாக்கும் மாற்றிவிட்டாள். எனக்கு அது தெரிந்தது முடிவெட்டுகிறவர் சொல்லித்தான். எருமையைக் கடாவிடம் ஓட்டிப் போகும்போதுகூட அவள் அதன் கழுத்தைத் தடவி இரண்டு வார்த்தை பேசுவாள். எனக்கு அந்த மரியாதையும் இல்லை.

பெண்ணை நான் பார்த்ததில்லை. அவள்மேல் ஒரு குறையும் இல்லை. ஆயுள் முழுக்கப் பாதிக்கிற காரியத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டாமா என்பதுதான் என்னை அரித்தது. அந்த வாரம் சந்தையில் ஒருவர் வண்டிமேல் ஏறி நின்று, நாடு நமக்கே சொந்தம் என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் தலைமுடி சாமிக்கு நேர்ந்தது. முடிக்குக் கீழே உள்ளது தயிர்க்காரிக்கு. இதில் நாட்டை வாங்கி நான் எங்கே வைத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்து பெற்ற ஆத்தாவிடம் கேட்டேன்.

"என்னைய மீட்டுரு ஆத்தா."

"வாய மூடு. அவ சொத்துன்னு நெனச்சுத்தான் எமன் ஒன்னைய விட்டு வச்சிருக்கான். நான் மீட்டு, அவன் திரும்பிப் பாத்துட்டா?"

பெற்றவள் மீட்கமாட்டாள் என்றால் நானேதான் மீட்டுக்கொள்ள வேண்டும். அப்போது நெல்லுக்கே கட்டுப்பாடு. தவிடு லேசில் கிடைக்காது. இரண்டு நாள் ஒரு வீட்டில் நெல் குத்திக் கொடுத்து ஒரு படி தவிடு வாங்கினேன். விடிந்ததும் தவிடு நிரப்பிய ஓலைப்பெட்டியோடு வாங்கிய ஆத்தாவின் கொட்டிலில் போய் நின்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சு, அவள் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தேன்.

"என்னடா இது?"

"தவிடு. என்னைய நானே வாங்கிக்கிறேன்."

அவள் பால் கறப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"நீ ஆரு சொத்து?"

"ஒஞ் சொத்து."

"அப்ப நெல்லுக் குத்துன கையி?"

"ஒன்னோடது."

"அந்தக் கையி கொண்டாந்த தவிடு?"

நான் என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"எந் தவிட்டக் கொண்டாந்து எனக்கே குடுத்து எஞ் சொத்த வாங்கப் பாக்குறியா? போடா, தண்ணியக் காட்டு."

இத்தனை வருடம் யோசித்தும் அவள் பேச்சில் ஓட்டை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்போதும் திரும்பத்தான் இருந்தேன். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எருமை பெட்டிக்குள் தலையை விட்டுத் தவிடு முழுவதையும் தின்று, பெட்டியையும் நக்கிக்கொண்டிருந்தது. வாங்கிய ஆத்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தயிர் அளப்பதில் ஒரு சொட்டுக் குறைக்காதவள் அவள்.

"தின்னுருச்சு" என்றாள். "தவிட்டையும் தின்னுட்டு ஒன்னையும் வச்சுக்கிட்டா ஊரு என்னையக் கள்ளின்னு சொல்லும். போ, நீ ஒனக்கே."

வாதத்தில் நான் தோற்றேன், எருமை ஜெயித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல் வாளியை எடுத்தேன்.

"நில்லுடா. இப்பக் கேக்குறேன். எங்க அண்ணன் மகளக் கட்டிக்கிறியா?"

பிறந்ததிலிருந்து என் சம்மதத்தை ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், எதைக் கேட்டிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேன். ஆட்டினேன்.

கல்யாணமான மறு வாரம், என் மூக்கில் இருந்த ஓட்டையைப் பற்றி மனைவி கேட்டாள். விற்ற பிள்ளைக்குக் குத்துகிற அடையாளம் என்றேன். பிறகு கொட்டிலில் நடந்ததையும் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். எருமையின் பங்கைக் குறைத்துத்தான் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களக் கேட்டாக. சரி. என்னைய ஆரு கேட்டா?"

கேட்கவில்லைதான். அவள் அப்பாவைக் கேட்டார்கள், ஜோசியரைக் கேட்டார்கள், பல்லியைக்கூடக் கேட்டார்கள்.

"நான் ஒரு படித் தவிடு கொண்டாந்தா ஆருகிட்டக் குடுக்கணும்?" என்றாள்.

யோசித்தேன். அவளை யாரும் விற்கவே இல்லை. அதனால் மீட்க வழியும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னையக் கட்டிக்கிறியா?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்களுக்கு நான்கு பிள்ளைகள். எதையும் விற்கவில்லை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.