புதுச்சேரிக்கு நான் மட்டும் போய்வந்த ஞாயிறு

என் மனைவிக்கு நடப்பது என்றால் உயிர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தாள். ஷிப்ட் முடிந்ததும் மற்ற பெண்கள் ஷேர் ஆட்டோவுக்கு முண்டியடிப்பார்கள். இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருமுல்லைவாயில் வரைக்கும் நடந்தே வந்துவிடுவாள். நாளெல்லாம் மிஷினுக்கு முன்னால் மடங்கிக் கிடந்த காலுக்கு அதுதான் விடுதலை என்பாள்.

அவளோடு வேலை பார்த்தவர்கள் ஒரு சனி ஞாயிறு புதுச்சேரிக்குப் போய்வந்து போட்டோ காட்டினார்கள். மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடுகள், மதில்மேல் கொட்டிக் கிடக்கும் காகிதப்பூ, சாயங்காலம் ஆனால் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களுக்கு மட்டும் விட்டுவிடுகிற கடலோர ரோடு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மொத்த ஊரையும் நடந்தே பாத்துடலாமாம்யா. ஆட்டோவே வாணாமாம். ரெண்டே நாளு, நாம போலாம். கையக் கோத்துகினு வான்னு சொல்லல. சும்மா பக்கத்துல நடந்து வா, போதும்.”

“பாக்கலாம்” என்றேன். எதற்கும் நான் முதலில் சொல்கிற வார்த்தை அது.

நான் பயந்த ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்கு வந்தவன். லாட்ஜில் இங்கிலீஷில் ஒரு பாரத்தை நீட்டி நிரப்பச் சொன்னால் என்ன செய்வது என்பதில் ஆரம்பிக்கும் என் கவலை. பஸ் நடுவழியில் நின்றால்? ரூமில் பல்லி இருந்தால்? ஆவடிக்குச் சாமான் வாங்கப் போனாலே ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்து காஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். “பூட்டுனியா பூட்டுனியான்னு அந்தப் பூட்டையே கேளேன்” என்பாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இப்படியே ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கேயோ வழியில் கழன்றிருக்கிறது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. வெறுங்காலில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. அதுவும் வலிக்கவில்லை என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் என்னென்னவோ சோதனை செய்துவிட்டு, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர்.

“நடக்குற வரைக்கும் நல்லா நடங்கம்மா. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ, சொல்ல முடியாது.”

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொரட்டூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “அப்ப பாண்டி இந்த வருசமே போயாவணும்” என்றாள். அழுவாள் என்று கைக்குட்டையைக் கையில் வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

எங்கள் மகள் நசரத்பேட்டையில் குடியிருக்கிறாள். அவள் வந்து போனிலேயே எல்லாம் பார்த்தாள். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதி, கீழ்த்தளத்தில் ரூம். “நைனா, பாரமெல்லாம் நானே ஆன்லைன்ல போட்டுட்டேன். நீ போய் நின்னா போதும், சாவி குடுப்பான்” என்றாள். சனிக்கிழமை கிளம்புவதாக முடிவானது. வியாழக்கிழமை என் மனைவிக்கு வாசற்படியில் கால் தடுக்கியது. விழவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. பஸ்ஸில் படி எவ்வளவு உயரம்? அந்த ஊர் நடைபாதை எப்படி? களைத்தால் உட்கார இடம் உண்டா? அவசரத்துக்குக் கழிப்பறை? ரூமை ரத்து செய்யச் சொன்னேன். மகள் திட்டினாள். இவள், மடித்து வைத்த புடவைகளைத் திரும்பப் பீரோவில் வைத்தாள்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் நான் சரிபார்க்கிற ஆள். புது வேலை எது மிஷினில் ஏறினாலும் முதலில் ஒரே ஒரு பீஸ் ஓட்டுவோம். அதை நான் அளப்பேன். எங்கே தப்பு, எங்கே பிசிறு என்று மட்டுமே பார்ப்பேன். நான் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மீதி ஓடும். முப்பது வருடம் அப்படியே பழகியவன். புதுச்சேரிக்கும் ஒரு முதல் பீஸ் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்து மிஷின்காரரிடம் மட்டும் சொன்னேன். “டூர் போறதுக்கு எவனாவது டிரையல் ஓட்டுவானா மாமே?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த ஞாயிறு, ஓவர்டைம் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தோடு விடியற்காலையில் கிளம்பினேன். பையில் இரும்பு ஸ்கேலும் ஒரு நோட்டும் இருந்தன. பத்து மணிக்கெல்லாம் புதுச்சேரியில் இருந்தேன். மகள் போட்ட விடுதி வாசலிலிருந்து ஆரம்பித்தேன். என் ஒரு அடிக்கு அவளுக்கு இரண்டு அடி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை அடி, நடைபாதை ரோட்டிலிருந்து எத்தனை அங்குலம், எந்த மரத்து வேர் கல்லைத் தூக்கியிருக்கிறது, எந்தப் பெஞ்சு வெயிலில் இருக்கிறது, எது நிழலில். எல்லாம் எழுதினேன். கடலோர ரோட்டில் குனிந்து படியை அளந்துகொண்டிருந்தபோது, சிவப்புத் தொப்பி வைத்த ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

“என்னண்ணே அளக்குறீங்க? கான்ட்ராக்ட் எடுத்துருக்கீங்களா?”

“இல்ல சார். வூட்ல அவங்களுக்குக் கால் சரியில்ல. கூட்டிகினு வரணும்.”

அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு தானே என்னைக் கூட்டிப்போய், எந்தக் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று காட்டினார். அது அன்றைக்குப் பூட்டியிருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டேன். அவள் அதை எடுத்து மோந்து பார்த்தாள்.

“ஓவர்டைம் பாத்தேன்ற. சட்டையில ஆயில் நாத்தமே காணோமே?”

பொய்யை அதற்குமேல் இழுக்க எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். நோட்டையும் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். “ஊருக்குப் போயி பிளாட்பாரத்த அளந்துகினு வந்த ஒரே ஆளு நீதான்யா.” பிறகு சிரிப்பு நின்றது.

“என்னை வுட்டுட்டுப் பாத்துட்டு வந்துட்ட.”

“உனக்காகத்தான்.”

“தெரியும். அதான் திட்ட முடியல.” நோட்டை மூடினாள். “சரி, அளந்தாச்சில்ல? வர்ற சனிக்கெழம போலாமா?”

அப்போது நான் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் இரண்டு இடத்தில் படி எட்டு அங்குலம். ஒரு நீளத் தெருவில் உட்கார இடமே இல்லை. கழிப்பறை பூட்டு. பட்டறையில் இப்படி ஒரு பீஸ் வந்தால் சிவப்பு மையில் நிறுத்தி வை என்று எழுதுவேன். “வெயில் கொறையட்டும். இன்னொரு வாட்டி போயி வேற தெரு பாத்துட்டு வரேன்” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “நீ பாத்துகினே இரு” என்று எழுந்து, சுவரைப் பிடித்தபடி சமையல் பக்கம் போனாள்.

வெயில் குறைந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழையில் நடைபாதை வழுக்கும் என்றேன். கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, குளியலறையில் வழுக்காத தரையில், காரணமே இல்லாமல் விழுந்தாள். உடைந்த இடுப்பு எலும்பு பிறகு ஒட்டிவிட்டது. கால்கள்தான் அதற்குப் பிறகு அவள் சொன்னபடி கேட்கவில்லை.

மகள் கார் வைக்கிறேன் என்றாள், சக்கர நாற்காலி எடுத்துக்கொள்ளலாம் என்றாள். “ரோடெல்லாம் சமமாத்தான் இருக்காம், தள்ளிகினே போலாம்மா.”

“ஒக்காந்துகினு பாக்குறதுக்கு டீவிலயே பாத்துக்குறேன்” என்றாள் இவள். “நடக்கணும்னுதான் கேட்டேன்.” அதற்குப் பிறகு அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துவிட்டு அவள் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். நான் தேய்ப்பது அவளுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும். திடீரென்று, “கடல் எப்டி இருந்துச்சி?” என்று கேட்டாள்.

“எந்தக் கடல்?”

“அன்னிக்குப் போனியே. அலை பெருசா? கல்லு மேல வந்து அடிக்குமாமே. தண்ணி இன்னா கலர்ல இருந்துச்சி?”

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். முனையிலிருந்து முதல் பெஞ்சு நூற்று நாற்பது அடி. அது ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது படியில் ஒரு கல் உடைந்திருந்தது. காகிதப்பூ கீழே உதிர்ந்து கிடந்ததால் வழுக்குமோ என்று காலால் தேய்த்துப் பார்த்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அந்தப் பூ என்ன நிறம் என்று தெரியாது. மஞ்சள் சுவர்களில் நான் பார்த்தது, கைபிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். ஒரு பகல் முழுக்கக் கடலை ஒட்டி நடந்திருக்கிறேன். சத்தம் கேட்டிருக்க வேண்டும். நான் தலை நிமிரவில்லை.

“சொல்லேன்யா.”

எதையாவது சொல்லியிருக்கலாம். நீலம் என்றால் அவள் ஒத்துக்கொண்டிருப்பாள். “கவனிக்கல” என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கையை நீட்டி என் தலையில் வைத்தாள்.

“இன்னொரு வாட்டி போ. எனக்காவ இல்ல, சும்மா போ. கீழ பாக்காம நட. வந்து சொல்லு, நான் கேட்டுக்குறேன்.”

மகள் ஒரு நாள் வந்து கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு ஞாயிறு போய்விட்டது. நான் இல்லாத நேரத்தில் இவளைக் கழிப்பறைக்குத் தூக்கி உட்காரவைக்க மகளால் தனியாக முடியுமா, எங்கேயாவது பிடி நழுவிவிடுமோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் இவள் என்னைக் கேட்கிறாள், நாளைக்குப் போறியா என்று. பாக்கலாம் என்கிறேன்.