புஜைராவில் காரை நிறுத்தச் சொன்னேன்

சென்ற ஜனவரியில் மூன்று வாரம் பர் துபாயில் மகன் வீட்டில் இருந்தேன். திருச்சிக்குத் திரும்புவதற்கு முதல் நாள், கிழக்குக் கரையிலுள்ள துறைமுக ஊரான புஜைராவுக்குப் போனோம். என் கணவர் பதினொரு வருடம் அங்கே எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. அவர் உயிரோடு இருந்தவரை நான் அங்கே போனதேயில்லை. அந்த இடத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தேன்.

மகனுக்கு டியூட்டி. மருமகள் கத்ரின், ஜெர்மன்காரி, காரை எடுத்தாள். சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், மலைகளுக்கு நடுவே அருமையான சாலை. ஒன்றரை மணி நேரம்.

எங்களுக்குள் ஆங்கிலம்தான். ஊர் நெருங்கியதும், “அப்பா வேலை செய்த இடத்தைப் பார்க்கலாமா, நேரே கடற்கரைக்கா?” என்றாள்.

கான்வென்ட்டில் கற்ற பணிவோடு, “உனக்கு எதற்குச் சிரமம்?” என்றேன். இன்னொரு முறை கேட்பாள், அப்போது சரி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவளோ “சரி” என்று அல் அகா கடற்கரைக்கே விட்டாள். வெள்ளை வெள்ளையாக எண்ணெய்த் தொட்டிகள் ஜன்னலில் நழுவிப் போயின. கடற்கரை நல்ல சுத்தம். எனக்குத்தான் எதுவும் ரசிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. கடையில் நின்றவர் பரமக்குடிக்காரர்.

“அம்மா, ஏலக்காய் தட்டி கரக் டீ போடவா?”

“வேண்டாம்ப்பா.”

“அட, என்னம்மா நீங்க! ஊர்க்காரவுக வந்திருக்கீக, வெறும் வாயோட அனுப்புவனா?”

“இல்லப்பா, இப்பத்தான் சாப்பிட்டேன்.”

“சாப்பாடு வேற, டீ வேறம்மா. அரை கிளாஸ் குடிங்க.”

முழு கிளாஸும் குடித்தேன். கத்ரின் என்னையே பார்த்தாள். தமிழில் ‘வேண்டாம்’, ‘இல்லை’ மட்டும் அவளுக்குப் புரியும்.

“இரண்டு முறை வேண்டாம் என்றீர்களே?”

“அது மரியாதைக்கு.”

“அப்படியானால் இந்த மூன்று வாரமாக இன்னும் சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்டபோதெல்லாம்?”

“பாதி நாள் அரை வயிறுதான்.”

தலையில் கை வைத்துக்கொண்டாள். “எங்கள் வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அம்மா. மறுபடி கேட்டால் வற்புறுத்துவது போல ஆகிவிடும்.”

காரில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அவளும் மகனும் ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் எடுக்க, கதவைச் சாத்த, காரை நிறுத்த, எல்லாவற்றுக்கும் “கன்ஸ்ட் டு மால்” என்றுதான் தொடங்குவார்கள்; ‘கொஞ்சம் செய்கிறாயா’ என்பது போல. சுற்றி வளைக்க மாட்டார்கள். முடியாது என்றாலும் யாருக்கும் முகம் கோணாது. முதல் வாரத்தில் இதெல்லாம் எனக்கு மரியாதைக்கேடாகப் பட்டது.

தொட்டிகள் மறுபடி தெரிந்தன. நாளைக்கு விமானம்.

“கன்ஸ்ட் டு மால் ஹியர் ஆன்ஹால்ட்டன்?” என்றேன். கொஞ்சம் இங்கே நிறுத்துகிறாயா?

“க்ளார்!” தாராளமாக என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டினாள்.

உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நிற்கலாம். படம் எடுக்காதீர்கள், அனுமதி கிடையாது. போவதானால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். அப்போதும் மதிய வெயில் சுள்ளென்றுதான் இருக்கும், தொப்பி வேண்டும். துபாயிலிருந்து பேருந்தும் உண்டு, ஆனால் வழியில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. எனக்கு நிறுத்தித் தர ஒருத்தி இருந்தாள்.

அவர் வெயிலில் நின்ற தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரம் கழித்து கத்ரின், “கிளம்பலாமா, அம்மா?” என்றாள்.

“இன்னும் இல்லை” என்றேன்.

காரிலிருந்து குடையை எடுத்து வந்து எனக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி கேட்கவேயில்லை.